கீல் வாங்கப் போனவர்

கண்ணாடியை மறுபடி மூக்கில் ஏற்றிய பிறகுதான் புட்டிக்கு உறைத்தது, தான் செய்து வைத்த காரியம்.

மேடையிலிருந்து ஏலக்காரம்மா அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாத அளவுக்கு லேசாகத் தலையசைத்தார். "நானூத்தி நாப்பது. நன்றி."

நானூற்று நாற்பதா? யார் கேட்டது? புட்டி பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் கையைத் தூக்கியிருக்கவில்லை. ஒருவர் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த நன்றி அவளுக்குத்தான்.

"நானூத்தி அறுபது," என்று கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்ன ஏலக்காரம்மா, உடனே கண்ணை இந்தப் பக்கம் கொண்டுவந்தார். புட்டியின் முகம். முகத்தின் நடுவே கண்ணாடி. "நானூத்தி எண்பது. நன்றி."

கழற்று, கழற்று என்று மண்டைக்குள் ஒரு குரல் கத்தியது. கை கேட்டால்தானே? இரண்டு கையும் யாரோ இரவல் கொடுத்துவிட்டுப் போன கைகளைப் போல மடியில் கிடந்தன.

"ஐநூறு, பின்னாடி. ஐநூத்தி இருபது, முன்னாடி. நன்றி."

மடியில் இருந்த ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் இருந்தது சரியாக நானூறு. அதற்கு மேல் அவளிடம் இருந்தது பஸ் பாஸும், பாதி தேய்ந்த ரப்பரும்.

அந்தக் கண்ணாடி சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பதினைந்து வயதுப் பெண் ஏல மண்டபத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்து விரல்கூட அசைக்காமல் எப்படி ஏலம் கேட்டாள் என்று யாருக்கும் விளங்காது.

புட்டியின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் லிஃப்டுக்கு மேலே ஏறி நிற்பார். ஏழாவது நாள் ஏல மண்டபத்தில் நிற்பார். வெள்ளி மூக்குப்பொடி டப்பி, நாய்த்தலை வைத்த கைத்தடிப் பிடி, எதற்கென்றே தெரியாத சின்னச் சின்ன வெள்ளிக் கொக்கிகள், இவற்றையெல்லாம் வாங்கிக் குவித்தவர், கடைசியில் போர்ப் பதக்கங்களில் வந்து மாட்டிக்கொண்டார். அவர் சேர்த்த சாமான்களுக்கு வீட்டில் நான்கு அலமாரி. "இந்த வீட்டுல உயிரோட இருக்கறவங்க துணி வைக்க ஒரு அலமாரி கெடையாது," என்பது அம்மாவின் அன்றாடப் பாட்டு.

வெள்ளிக்கடைக்காரர் ஒருவர் அந்த மண்டபத்துக்கு நிரந்தர வாடிக்கை. எந்த வெள்ளிச் சாமானைக் கண்டாலும் நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார். ருசியை வைத்தே சுத்தம் சொல்லிவிடுவாராம். ஒருமுறை அவர் ஆசை ஆசையாக எடுத்த மூக்குப்பொடி டப்பியை அப்பா பார்த்துவிட்டு, நாலு பேர் காதில் விழும்படி, "மூடி வேற டப்பியோட மூடி சார்," என்று சொல்லித் தொலைத்தார். அன்று பிடித்தது சனி. அப்பா எதற்குக் கை தூக்கினாலும் வெள்ளிக்கடைக்காரரும் தூக்குவார். அப்பா தும்மினால்கூட இருபது ஏற்றுவார். வாங்க மாட்டார், விலையை மட்டும் ஏற்றிவிட்டு, சரியான நேரத்தில் நைசாக நழுவிவிடுவார்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. இன்றைக்கு லாட் எண்பத்து நான்கு, அதாவது பட்டியலின் எண்பத்து நான்காவது பொருளான ஒரு போர்ப் பதக்கம், ஏலத்துக்கு வரும்போது அப்பா மண்டபத்துக்குள் தலைகாட்டவே கூடாது. பின் தெருவில் வேனுக்குள் இருக்க வேண்டியது. புட்டி முதல் வரிசையில். ஏலக்காரம்மாவிடம் அப்பா காலையிலேயே பேசி முடித்திருந்தார். பொண்ணு கண்ணாடி போட்டிருக்கிற வரைக்கும் கேக்குறான்னு அர்த்தம். கழட்டினா நிறுத்திட்டான்னு அர்த்தம். இப்படி ரகசியக் குறிப்பு வைப்பது ஏலத்தில் புதிதில்லை. பேனாவைக் காதில் செருகுகிறவர்கள் உண்டு, சட்டைப் பொத்தானைத் திருகுகிறவர்கள் உண்டு.

ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது. சாப்பாட்டு மேசைதான் மேடை. கரண்டிதான் சுத்தியல்.

"முந்நூத்தி எண்பது... நானூறு... நானூத்தி இருபது!" என்று அப்பா கரண்டியை ஓங்குவார். புட்டி படக்கென்று கண்ணாடியைக் கழற்றுவாள்.

"பிரமாதம்! என் பொண்ணுடா!"

"நானூறுதான்," என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். "அதுக்கு மேல ஒரு காசு போச்சுன்னா, அந்த மெடல் கழுதைக்காரரும் நீங்களும் வேன்லயே குடியிருந்துக்குங்க. நான் மூணு வேளையும் சாப்பாடு அனுப்பிடறேன்."

ஒத்திகையில் எல்லாம் சரியாக நடந்தது. ஒன்றே ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. புட்டிக்குப் புட்டி என்று பெயர் வந்ததே கண்ணாடியால்தான். பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி; அழுதுகொண்டு வந்து சொன்னதைக் கேட்டு வீட்டில் பாதியை வெட்டிச் செல்லமாக்கிக்கொண்டார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பது அப்பாவா அலமாரியா என்றே தெரியாது. வீட்டில் தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மண்டபத்தில் நானூற்று இருபது என்று பின்னாலிருந்து யாரோ கேட்டதும், சொல்லிவைத்தபடி கழற்றிவிட்டாள். உலகம் கரைந்து போனது. மேடை ஒரு பழுப்புத் திட்டு. ஏலக்காரம்மா அதன்மேல் ஒரு நீலத் திட்டு. நீலத் திட்டு ஒன்றும் பேசவில்லை. முடிந்துவிட்டதா? சுத்தியல் விழுந்துவிட்டதா? அந்த அம்மா தொண்டை கட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் என்பது புட்டிக்கு எப்படித் தெரியும்? யாருக்குப் போனது என்று பார்க்கலாம் என்று பழக்கதோஷத்தில் எடுத்து மாட்டினாள்.

நானூத்தி நாப்பது. நன்றி.

இப்போது ஐநூற்று இருபதில் நின்றது. ஒருவழியாகக் கைக்கு உயிர் வந்து, கண்ணாடியைப் பிடுங்கி எறிகிற மாதிரி கழற்றினாள். அது விரலில் நிற்காமல் தரையில் விழுந்தது. ஆனால் கடைசியாகக் கேட்டது அவள்தானே? பின்வரிசை ஆள் வாயை மூடிக்கொண்டால் ஐநூற்று இருபதும் அவள் தலையில்.

கேளுங்க, கேளுங்க, யாரா இருந்தாலும் புண்ணியமா போகும், கேளுங்க என்று மங்கலைப் பார்த்து மனதுக்குள் மன்றாடினாள்.

"ஐநூத்தி நாப்பது, பின்னாடி."

அப்பாடா! புட்டிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. பதக்கம் போனது போனதுதான், ஆனால் குடும்பம் பிழைத்தது. "ஒரு தரம்," என்றது நீலத் திட்டு. மூன்று எண்ணுவதற்குள் இந்த நரகம் முடிந்துவிடும்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பருத்த பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அவர் ஸ்பூன் சேர்ப்பவர். வெள்ளி ஸ்பூன், அதிலும் காம்பில் யாருடைய பெயரின் முதல் எழுத்தாவது பொறித்திருக்க வேண்டும். தன் பெயரின் எழுத்தாக இருந்தால் வேண்டாம் என்பார். "மத்தவங்க ஸ்பூன்ல சாப்பிட்டாத்தான் ருசி," என்று காலையிலேயே புட்டியிடம் விளக்கியிருந்தார். கனிந்த மனசு. ஒரு சின்னப் பெண் கண் கலங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியுமா?

குனிந்தார். எடுத்தார். கைக்குட்டையால் இரண்டு பக்கமும் பொறுமையாகத் துடைத்தார்.

"ரெண்டு தரம்."

"கண்ணாடி இல்லாம என்னத்தம்மா பாக்கப் போற?" என்று, அம்மாவைப் போல, புட்டியின் காதில் இரண்டு பக்கமும் செருகி, மூக்கில் சரியாகப் பதித்துவிட்டார்.

"ஐநூத்தி அறுபது," என்றார் ஏலக்காரம்மா. இந்த முறை அவர் குரலிலேயே மரியாதை தெரிந்தது. "நன்றி."

புட்டி கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் எண்ண ஆரம்பித்துவிட்டார். ஒரு தரம். ரெண்டு தரம். பின்வரிசை அமைதியாக இருந்தது. மூணு தரம். சுத்தியல் விழுந்தது.

"முன் வரிசைக்கு. நம்பர் பதினேழு."

"வாங்கிட்டியா?" ஸ்பூன் பெரியம்மாவுக்குப் பூரிப்பு. "பாத்தியா, நான் மாட்டிவிட்ட கை!"

வெள்ளிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கல்லாம் ஏலம் கேக்க வந்தாச்சு. வெளங்கிடும்," என்றார். நம்பர் பதினேழு யாருடையது என்பது அவருக்கு நினைவு வரும் முன்னே புட்டி எழுந்து ஓடிவிட்டாள்.

ஓடினாள் என்றால், வாசலுக்கு இல்லை. மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு நீள வராந்தா. ஒரு கோடியில் பணம் கட்டும் ஜன்னல், மறுகோடியில் கழிவறை. நடுவில் விலைபோகாத சாமான்கள்: ஒரு கண் இல்லாத மரக்குதிரை, மணி அடிக்காத சுவர்க்கடிகாரம், யாரோ ஒரு மீசைக்காரரின் மார்புச் சிலை. புட்டி மீசைக்காரருக்குப் பின்னால் போய் நின்று யோசித்தாள். ஜன்னல் மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: எடுத்த பொருளுக்கு அன்றே பணம் கட்டத் தவறினால் நம்பர் ரத்து. அப்பாவின் பதினேழு. அந்த நம்பர் தன் கல்யாணத்துக்கு முந்தியே வாங்கியது என்று பெருமையடிப்பார். அதை அடித்துவிட்டால் அப்பா ஏழாவது நாளும் லிஃப்டுக்கு மேலேயே ஏறி நிற்க வேண்டியதுதான்.

பதக்கத்தையும் விட முடியாது. அது யாருடையது என்று நினைத்தீர்கள்?

கழுதைக்காரருடையது. அவரை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நூறு வருடத்துக்கு முன் நடந்த ஏதோ ஒரு போரில், கோவேறு கழுதைகளை ஓட்டிப் பட்டாளத்துக்குச் சாமான் கொண்டுபோன படையில் இருந்தவர். பதக்கத்தின் விளிம்பில் அவருடைய எண்ணும் பெயரும் வெட்டியிருக்கும். முதல் பதக்கம் அப்பாவுக்கு ஒரு டப்பா பழைய பொத்தான்களுக்கு அடியில் கிடைத்தது. நான்கு வருடம் கழித்து, வேறு ஊர் ஏலத்தில், துணி ஊசிகளோடு கலந்து அதே எண்ணில், அதே பெயரில் இன்னொன்று. அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. படைப் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தால், அவருக்குக் கொடுத்தது மூன்று. அன்றிலிருந்து பதினோரு வருடமாக அந்த மூன்றாவதைத் தேடுகிறார். ஹாலில் கண்ணாடிச் சட்டம். உள்ளே வெல்வெட்டில் மூன்று வட்டக் குழி. இரண்டில் பதக்கம், ஒன்று காலி. அம்மா தூசி தட்டும்போது அந்தச் சட்டத்திடம், "கொஞ்சம் தள்ளிக்குங்க," என்று சொல்லித்தான் தட்டுவாள். "என் மாமனாரப் பத்தி எனக்கு இவ்வளவு தெரியாது," என்பாள்.

தெரிந்தது எல்லாம் அப்பா சொல்லித் தெரிந்ததுதான். வெள்ளம் பெருகிய ஆற்றில் பதினோரு கோவேறு கழுதைகளை ஒரே கயிற்றில் கட்டி, கழுத்தளவுத் தண்ணீரில் அக்கரை சேர்த்தவர். ஒன்றைக்கூட விடவில்லை. புட்டி பரீட்சைக்குப் பயந்தாலும், ஊசிக்குப் பயந்தாலும், அப்பா அந்தச் சட்டத்தின் முன் நிறுத்தி, காதை அதில் வைத்துக் கேட்கிற மாதிரி பாவனை செய்வார். அப்புறம் அவளிடம், "நம்மாளு என்ன சொல்றாரு?" என்று கேட்பார். "பயப்படாத, கயித்தப் பிடிங்கறாரு," என்று புட்டி சொல்ல வேண்டும். இந்த வயதிலும் அது நடந்துகொண்டுதான் இருந்தது. வெளியே யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

"ஏம்மா, கண்ணாடிப் பொண்ணு."

புட்டி துள்ளி விழுந்தாள். மீசைக்காரருக்கு இந்தப் பக்கம் ஒரு அம்மாள் நின்றிருந்தார். பஸ் ஓட்டுநர் சீருடை, கக்கத்தில் சாப்பாட்டுப் பை. ஐம்பது வயது இருக்கும்.

"நான்தான் பின்வரிசை," என்றார் அவர். "ஐநூத்தி நாப்பது வரைக்கும் கேட்டவ. அதுக்கு மேல எங்கிட்ட இல்ல. நீ என்னடான்னா, மூஞ்சியப் பாத்தா அழற மாதிரி இருக்கு, ஆனா விடாம ஏத்திட்டே இருக்க. பெரிய இடத்துப் பொண்ணு போல, பணத்தத் தண்ணியா செலவழிக்கிறான்னு நெனச்சேன்."

"எங்கிட்ட நானூறுதான் ஆன்ட்டி இருக்கு," என்று உடைந்தாள் புட்டி. கண்ணாடி, ஒத்திகை, கரண்டி, ஸ்பூன் பெரியம்மா எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். கேட்கக் கேட்க அந்த அம்மாளின் தோள் குலுங்கியது. முதலில் அனுதாபத்தில் அழுகிறார் என்றுதான் புட்டி நினைத்தாள்.

"சிரிக்காதீங்க ஆன்ட்டி!"

"இல்ல பாப்பா, இல்ல." அவர் மரக்குதிரையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணாடி கேட்ட ஏலத்துக்கு நான் பஸ் சம்பளத்த வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டியிருக்கேன் பாரு. அது சரி, உங்களுக்கு எதுக்கு அந்த மெடலு?"

புட்டி சொன்னாள். சட்டம், காலிக் குழி, ஆறு, கயிறு, பதினோரு கோவேறு கழுதைகள். சொல்லச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தக் கதைக்கு அந்தச் சக்தி உண்டு.

அந்த அம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"கழுதையா? அவருக்கா? கழுதை வாடை பட்டாலே மூக்கு அடைச்சிடும் அவருக்கு. அந்தப் படையில இருந்தாரு, நெசந்தான். தீவனக் கிடங்குல சாக்கு மூட்டை எண்ணிட்டு இருந்தாரு. அவரே எழுதின லெட்டரு இன்னும் வீட்டுல இருக்கு. முழுக்க மூட்டைதான். இன்னிக்கு இருநூத்தி ஆறு மூட்டை வந்துச்சு, எலி அதிகமாயிடுச்சு, அப்படின்னு."

"நீங்க... யாரு ஆன்ட்டி?"

"எங்க அம்மாவோட தாத்தா அவரு. எம்பையன் போன்ல எதையோ தேடிக்கிட்டு இருந்தப்ப ஏலப் பட்டியல்ல இவரு பேரு வந்துச்சு. லீவு போட்டுட்டு ஓடி வந்தேன்."

கழுதைக்காரருக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்றே புட்டி யோசித்ததில்லை. தங்கள் வீட்டைத் தவிர அவருக்கு வேறு போக்கிடம் ஏது?

"அப்போ... ஆறு?" என்றாள்.

"ஆறு, ஏரியெல்லாம் எனக்குத் தெரியாது. இத மட்டும் கேட்டுக்க. போர் முடிஞ்சு வந்தாரு. நாலே நாள் வீட்டுல இருந்தாரு. இந்த மெடல அலமாரில வெச்சாரு. வாசக் கதவு கீல் உடைஞ்சு சாஞ்சு நிக்குதேன்னு எங்க கொள்ளுப்பாட்டி சொல்லிருக்காங்க. 'இரு, கீல் வாங்கிட்டு வந்துடறேன்'னு செருப்ப மாட்டிட்டுக் கெளம்பினாரு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன அப்புறம்? இன்னும் வாங்கிட்டு இருக்காரு."

புட்டிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமினாள்.

"சிரி, சிரி. நாங்களே சிரிப்போம். எங்க வீட்டுல எவனாவது சாக்குப்போக்கு சொல்லிட்டு நழுவப் பாத்தா, 'என்ன, கீல் வாங்கப் போறியா'ன்னுதான் கேப்போம். பக்கத்து ஊருல இன்னொரு குடும்பம் வெச்சு, நாலு பிள்ளை பெத்து, நல்லா வாழ்ந்து செத்தாருன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. மத்த ரெண்டு மெடலும் அவரு சட்டையிலயே போயிருக்கும். அதான் உங்கப்பா கைக்கு வந்திருக்கு."

"இது?"

"இத எங்க மாமா ஒருத்தரு யார்கிட்டயும் சொல்லாம வித்துட்டாரு. அவரும் அந்த ரத்தந்தானே?"

"கதவு, ஆன்ட்டி?"

"அது அப்படியேதான் இருக்கு." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்தது வருத்தமா பெருமையா என்று புட்டியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "போனவரு வந்து மாட்டட்டும், வேற எவனும் கை வெக்கக் கூடாதுன்னு கொள்ளுப்பாட்டி சொல்லிட்டாங்க. அவங்க போனப்புறம் பாட்டி. அப்புறம் எங்க அம்மா. கூரைய மாத்தினோம், தரைய மாத்தினோம், கரண்ட் வந்துச்சு. கதவ மட்டும் தொடல. தூக்கித் தூக்கித்தான் தொறப்போம். எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் வலது தோள்பட்டை கொஞ்சம் எறங்கியிருக்கும், பாரு."

பார்த்தாள். இறங்கித்தான் இருந்தது.

"அந்தக் கதவுலதான் இந்த மெடல ஆணி அடிச்சு மாட்டலாம்னு வந்தேன். வராதவருக்குப் பதிலா இதாவது வந்து தொங்கட்டும்னு."

வராந்தாவின் கோடியில் ஜன்னல்காரர் எட்டிப் பார்த்தார். "நம்பர் பதினேழு! எண்பத்தி நாலுக்குப் பணம் கட்டணும். ஜன்னல் மூடப்போறேன்."

அந்த அம்மாள் சாப்பாட்டுப் பைக்குள் கை விட்டு, டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

"எவ்வளவு கொறையுது? நூத்தி அறுபதா? நான் போடறேன்."

"அப்போ மெடல் உங்களுக்கா ஆன்ட்டி?"

"உங்கப்பாகிட்டயே இருக்கட்டும். மூணையும் ஒண்ணா சேக்கணும்னு பதினோரு வருஷமா ஒரு மனுஷன் அலைஞ்சிருக்காரே. அவரு பெத்த பிள்ளைங்ககூட அவரத் தேடினதில்ல." அவர் முகத்தில் கண்டிப்பு ஏறியது, பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்களை அதட்டும் முகம் அது. "ஆனா ஒரு கண்டிஷன். மூணும் ஒண்ணா சேந்துட்டா அது அவரு மாதிரிதானே? உங்கப்பா மூணையும் எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வரணும். கதவுக்கு முன்னாடி அவர நிறுத்தணும். எங்க அம்மா அவரப் பாத்து நாலு வார்த்தை கேப்பாங்க. எம்பத்தோரு வயசு, பல்லு இல்ல, ஆனா நல்லாவே கேப்பாங்க. கேட்டு முடிச்சதும் உங்கப்பா அந்தக் கீல மாட்டிக் குடுக்கணும். கீல் மாட்டத் தெரியுமா அவருக்கு?"

"லிஃப்டே மாட்டுவாரு ஆன்ட்டி."

"அப்போ சரியாப் போச்சு. ஆனா ஒண்ணு, எதுக்காக வரணுங்கறத நீதான் அவருகிட்ட சொல்லணும். கழுதையும் இல்ல, ஆறும் இல்ல, மூட்டைதான்னு. அது தெரியாம வந்து நின்னாருன்னா, எங்க அம்மா பேசற பேச்சுல அங்கயே விழுந்துடுவாரு மனுஷன்."

முகவரியைப் பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு, காலை பத்து மணி. "வருவீங்கள்ல?" என்று கேட்டவர், புட்டி பதில் சொல்லும் முன் தானே கையை ஆட்டிக்கொண்டார். "வேணாம், சொல்லாத. எங்க வீட்டுல அந்த மாதிரி சொன்ன ஆளு ஒருத்தரு போதும்."

பணம் கட்டியாயிற்று. சின்னக் காகிதப் பையில் பதக்கம் கைக்கு வந்தது. ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பஸுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவே அதை வைத்து மூடினாள். பின் தெருவுக்குப் போகும் வழி நூறு அடி. அதற்குள் ஏதாவது ஒரு வாக்கியம் தோன்றிவிடும் என்று நடந்தாள். அப்பா, ஒரு சின்ன விஷயம். வேண்டாம், சின்ன விஷயம் என்றாலே அவர் பயந்துவிடுவார். அப்பா, ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி. எது நல்லது? அப்பா, ஒரு கதவு இருக்கு. அங்கேயே நின்றுவிட்டாள். அவள் பரீட்சைக்கு முன்னால் எத்தனை முறை பிடித்த கயிறு அது. ஊசி போடும்போது, முதல் முறை தனியாக பஸ் ஏறும்போது, ஏன், இன்றைக்குக் காலையில் வேனிலிருந்து இறங்கும்போதுகூட. அந்தப் பக்கம் கழுதையே இல்லை என்றால், இத்தனை நாளும் அவள் எதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்?

அப்பா வேனுக்குள் இல்லை. வேனுக்கு வெளியே, கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து, வீட்டு ஹாலில் இருக்க வேண்டிய கண்ணாடிச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தெரியாமல் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். புட்டியைப் பார்த்ததும் எழுந்தார். வெறுமனே புருவத்தைத் தூக்கினார்.

புட்டி பாக்ஸைத் திறந்து காகிதப் பையை நீட்டினாள்.

விலை என்ன என்று அவர் கேட்கவில்லை. நானூறுக்குள்தானே என்றுகூடக் கேட்கவில்லை. அவளை நம்பி அனுப்பியவர். பதக்கத்தை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்தார். சட்டைப் பையிலிருந்த லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். எண். பெயர். மறுபடியும் எண். வெல்வெட்டில் காலியாக இருந்த குழிக்குள் அதை வைத்தார். சரியாக உட்கார்ந்தது.

"வந்துட்டாருடா," என்றார். "பதினோரு வருஷம். முழுசா வந்துட்டாரு."

அப்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குக் கீழே இரண்டு பக்கமும் நீர் வழிந்துகொண்டிருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, சட்டத்தை இரண்டு பேருக்கும் நடுவே தூக்கிப் பிடித்தார். வழக்கம்போல அதில் காதை வைத்து ஒரு நிமிடம் கேட்டார். புட்டியின் கையில் ஜியோமெட்ரி பாக்ஸ் இருந்தது. உள்ளே இருந்த டிக்கெட்டில் ஞாயிறு, காலை பத்து மணி என்று எழுதியிருந்தது.

அப்பா காதை எடுத்துவிட்டு, கண் மின்ன, அவளைப் பார்த்துக் கேட்டார்:

"ம், சொல்லு. நம்மாளு என்ன சொல்றாரு?"